படகு அறைக்கு ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?

மார்த்தாண்டத்தில் ஏசி வேலை செய்கிறேன். கேரளத்தின் கொல்லத்தில் கெட்டுவள்ளம் என்ற தங்கும் படகு ஓட்டும் மச்சினன் போன மாதம் கேட்டான்: "அத்தான், ரெண்டு ரூமுக்கும் ஒன்றரை டன்னே போட்டுரலாமா? பெருசா இருந்தா நல்லதுதானே?" வேண்டாம் என்றேன். பூவாறு, அஷ்டமுடிப் பக்கம் படகு வைத்திருக்கும் நம்மாட்கள் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) சூட்டை அறையிலிருந்து வெளியேற்றும். படகு ஏசிக்குப் பொதுவாகச் சொல்லும் தோராய அளவு, சதுர அடிக்கு இத்தனை பிடியு என்பது: படகின் மேல்தட்டுக்கு, அதாவது தளத்துக்குக் கீழுள்ள அறைக்கு 60, நடுவில் உள்ளதற்கு 90, தளத்துக்கு மேலே வெயில் வாங்கும் அறைக்கு 120. கெட்டுவள்ளத்தில் படுக்கையறை தளத்துக்கு மேலேதான். பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி, 12,000 பிடியு. ஒரு டன்னில் கணக்கு முடிந்தது.

அதுவும் பகல் வெயிலுக்குப் போட்ட கணக்கு. மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் சாயங்காலமே படகைக் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான படகுகளில் ஏசி ஓடுவது இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான். பனம்பும் (மூங்கில் பாய்) ஓலையும் வேய்ந்த கூரை, காங்கிரீட் மாதிரி சூட்டைப் பிடித்து வைக்காது. அப்போது ஒரு டன்னே தாராளம்.

ஒன்றரை டன் போட்டால் என்ன ஆகும்? மச்சினன் படகில் பழைய ஒன்றரை டன் இருந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே 24 டிகிரிக்கு வந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். காற்றில் உள்ள ஈரம் ஏசிக்குள் குளிர்ந்திருக்கும் குழாய்ச்சுருளான காயிலில் படிந்து வடிய வேண்டுமானால் கம்ப்ரசர் தொடர்ந்து ஓட வேண்டும். காயலின் நடுவில் ஈரத்துக்கா பஞ்சம்? விடியும்போது தலையணை உறை பிசுபிசுத்தது, கட்டிலுக்குப் பின்னால் பனம்புத் தட்டியில் பூஞ்சை. அறை சில்லென்று இருந்தும் புழுக்கம் போகவில்லை.

அடுத்தது ஜெனரேட்டர். அவனிடம் இருப்பது 5 கேவிஏ. சாதா ஒன்றரை டன் ஓடும்போது ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு கரண்ட் கேட்கும். பக்கத்து அறை பல்பு மங்குவதை நானே பார்த்தேன். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகம் பிடிக்கும், அறை குளிர்ந்ததும் தணிந்து ஓடும். டீசலும் மிச்சம், ஈரமும் வடியும். விலை கூடுதல்தான், ஆனாலும் படகுக்கு என் ஓட்டு ஒரு டன் இன்வெர்ட்டருக்கே.

கடல் தண்ணீரால் குளிரூட்டும் மரைன் ஏசி பற்றியும் கேட்டான். வெளியே யூனிட் தொங்காது, இடம் மிச்சம். ஆனால் நம் காயலில் ஆகாயத்தாமரையும் பாசியும் ஃபில்டரை அடைத்துக்கொண்டே இருக்கும். தினமும் கழுவ ஆள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் ஓட்டையை அடைக்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் தட்டிச் சுவர் ஓரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை வளைகிற இடத்தில் காற்று போய் வருகிறது. மச்சினன் படகில் ஜன்னல் சட்டத்துக்கு மேலே விரல் நுழையும் அளவு இடைவெளி கண்டுபிடித்தோம். அதை விட்டுவிட்டு டன்னைக் கூட்டியிருந்தால் காயலைத்தான் குளிர வைத்திருப்போம்.

கடைசியில் இரண்டு அறைக்கும் ஒரு டன் இன்வெர்ட்டர். மூன்று பக்கம் கண்ணாடி வைத்த முன் ஹாலில் மட்டும் பகலிலும் ஏசி ஓடும், ஆட்கள் எட்டுப் பத்து பேர் உட்காருவார்கள். அங்கே ஒன்றரை டன்னே நியாயம். உப்புக்காற்று இருப்பதால் மூன்றுமே செம்புக் காயில். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஜெனரேட்டர் புகைக்குழாயைப் பின்பக்கமாக நீட்டி வைக்கச் சொன்னேன். தூங்குகிற அறைக்குள் அந்தப் புகை வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையை முடித்த பிறகுதான் ஏசியைப் பெட்டியிலிருந்து எடுத்தோம்.