தூங்காத மந்திரவாதியும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்: 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், ஆறு வருட அனுபவம்

போன வாரம் காரைக்குடி பைண்டிங் கடையிலிருந்து என் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் திரும்பி வந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ரூல் புத்தகம் அது. 180 ரூபாய். முதுகு முழுக்கப் பிரிந்து, ஸ்பெல் (மந்திரம்) பட்டியல் வரும் பகுதி தனிக்கட்டாகக் கையோடு வந்திருந்தது. ஆறு வருடமாக ஞாயிறுகளில் விரித்துப் போட்டு, பக்கம் மூடாமலிருக்க மேலே சீடை டப்பாவைத் தூக்கி வைத்தது நான்தான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. பைண்டர் அண்ணன் நூல் போட்டுத் தைத்து, முதுகில் காடாத்துணி ஒட்டி, முன்னும் பின்னும் இரண்டு வெள்ளைத்தாள் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இனி இன்னொரு ஆறு வருடம் தாங்கும்.

அன்று ராத்திரியே தேவகோட்டைத் தம்பி ஒருவரிடமிருந்து செய்தி: "அண்ணே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 புத்தகம் பழசு பாதி விலைக்கு வருது. வாங்கலாமா, இல்ல 2024 புதுப் பதிப்புக்கே போயிடவா?" இரண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். 12 கிளாஸ் (பாத்திர வகை), டி20 (இருபது முகப் பகடை), 6 விநாடிக்கு ஒரு ரவுண்ட் (சண்டைச் சுற்று) எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக அங்கங்கே ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர். நான் டிஎம், கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிப்பவன். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மாப்ளை ஒருவன், அவன் தங்கை, கல்லூரியில் பாடம் எடுக்கும் அக்கா, அப்புறம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் நண்பன். இடம், பள்ளத்தூரில் என் ஆயா வீட்டுப் பட்டாலை (கூடம்). கல்தரை வழுவழுவென்று இருப்பதால் பகடை உருண்டு வளவுக்கே (உள்முற்றம்) போய்விடும் என்று ஆயாவின் பித்தளைத் தாம்பாளத்தை நடுவில் வைத்துத்தான் உருட்டுவோம். அதே தாம்பாளத்தில் தாயக்கட்டை உருட்டிய வீடுதான் அது. சின்ன வயதில் தாயம் ஆடும்போது எங்கள் வீட்டு முறை வேறு, பக்கத்து வீட்டு முறை வேறு என்று சண்டை வரும். இந்தப் புத்தகம் கைக்கு வந்தபோது அந்தச் சண்டை இனி இருக்காது, எல்லாம் அச்சில் இருக்கிறதே என்று நான் மனதார நம்பினேன்.

டைல்ஸ் நண்பன் அதிகம் பேச மாட்டான். நாள் முழுக்கக் கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணச் சிமெண்டை ஊற்றுகிற கை. நகத்தடியில் எப்போதும் சிவப்போ பச்சையோ இருக்கும். அவன் எடுத்தது ஃபைட்டர், போர்வீரன். மூன்றாம் லெவலில் ஒரு மரப்பாலத்தின் முகப்பில் தனியாக நின்று, மற்ற மூன்று பேரும் தப்பி ஓடும்வரை வழியை அடைத்தான். மிச்சம் இருந்த உயிர்ப்புள்ளி இரண்டு. ஆக்ஷன் சர்ஜ் (ஒரே முறையில் இன்னொரு செயல்) போட்டு இரண்டாம் முறை உருட்டும்போது கை நடுங்கியது. தாம்பாளத்தில் 20 நின்றதும் எழுந்து நின்று, "யாரும் வராதீங்க, போங்க!" என்று உரக்கக் கத்தினான். அடுப்படியிலிருந்த ஆயா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பேசவே கூச்சப்படும் ஒருவனை ஒரு புத்தகம் அப்படி எழுப்பி நிறுத்தியதே, அந்த ஒரு சாயங்காலத்துக்காக மட்டும் நான் கொடுத்த மூவாயிரம் தகும்.

இப்போது ஓட்டை.

ஏழாம் லெவலில் ஆடிட்டர் மாப்ளை ஒரு நோட்டோடு வந்தான். சோர்சரர் 4, வார்லாக் 3. இரண்டும் மந்திரக்காரக் கிளாஸ், ஒன்றில் நாலு லெவல், மற்றதில் மூன்று. இணையத்தில் இதற்குக் காபிலாக் என்றே பெயர் இருப்பது எனக்கு அன்று தெரியாது. கணக்கு இதுதான். வார்லாக்கின் ஸ்லாட் (ஒரு மந்திரம் போட ஒரு வாய்ப்பு) ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) எடுத்தாலே திரும்பி வந்துவிடும். சோர்சரர் ஒரு ஸ்லாட்டைப் புள்ளியாக மாற்றலாம், புள்ளியை மறுபடி ஸ்லாட்டாக மாற்றலாம். எந்தக் கிளாஸின் ஸ்லாட் என்று புத்தகம் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டாம் நிலை ஸ்லாட் ஒன்றுக்கு 2 புள்ளி. 2 புள்ளிக்கு ஒரு முதல் நிலை ஸ்லாட். அப்படி உண்டாக்கிய ஸ்லாட் லாங் ரெஸ்ட் (8 மணி நேர ஓய்வு) முடிந்தால்தான் மறையும். லாங் ரெஸ்டே எடுக்காவிட்டால்? மறையாது. 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்ட்தான் என்று கட்டுப்பாடு போட்ட புத்தகம், ஷார்ட் ரெஸ்ட் இத்தனைதான் என்று எங்கேயும் சொல்லவில்லை. தூங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் இல்லை. சோர்வுக்கு ஆறு படி பின்னிணைப்பில் இருக்கிறது. பட்டினிக்கும் நெடுநடைக்கும் அது வரும், தூக்கமின்மைக்கு வராது.

மற்றவர்கள் 8 மணி நேரம் படுத்திருக்க, இவன் ஒரு மணிக்கொரு ஷார்ட் ரெஸ்டாக எட்டு எடுத்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்லாட். விடியும்போது 16. நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதியிருந்தான்: வரவு 16, பற்று 5, இருப்பு 11. மறுநாள் முன் இருப்பு 11, வரவு 16, ஆக 27. அதற்கடுத்த நாள் 6 செலவு போக 37. அவன் ஐயா பேரேடு எழுதிய கையெழுத்து அப்படியே இவனுக்கு. அவன் ஏமாற்றவில்லை. இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று கோபத்தில் வேறு மாதிரி சொல்லிவிட்டேன். எங்கள் ஐந்து பேரில் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

37 ஸ்லாட் என்றால் என்னவென்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். எதிரி அடிக்கிற ஒவ்வொரு ரவுண்டிலும் ஷீல்ட் மந்திரம் போட்டுக் கவசத்தை 5 ஏற்றிக்கொள்வான். மேஜிக் மிசைல் ஒன்றுக்கு 3 அம்பு, குறி தப்பவே தப்பாது. ஃபைட்டருக்கு முறை வரும்போது அடிக்க எதிரில் ஆள் இருக்காது. அக்காதான் முதலில் சொன்னார்: "தப்புன்னு சொல்லல தம்பி. ஆனா மத்தவங்களுக்கு என்ன வேலை?" மாப்ளை என்னைப் பார்த்து, "ரூல்ல எங்க தப்புன்னு காட்டு மாப்ளே, நிறுத்திடுறேன்" என்றான். புத்தகத்தைக் கடைசி அட்டை வரை புரட்டினேன். இதன் சொல்லடைவு இருக்கிறதே, எறும்பெழுத்து. ஒன்றைத் தேடினால் 'அங்கே பார்க்க' என்று இன்னொன்றுக்கு அனுப்பும். காட்ட முடியவில்லை.

2017ல் வந்த துணைப் புத்தகத்தில் ஒரு ஒட்டு இருக்கிறது: லாங் ரெஸ்ட் இல்லாமல் 24 மணி நேரம் போனால் உடல்திறன் சோதனை, இலக்கு 10, தோற்றால் ஒரு படி சோர்வு, அடுத்தடுத்த நாளுக்கு இலக்கு 5, 5 ஆகக் கூடும். விருப்ப விதிதான். அதைக் கொண்டுவந்து போட்டேன். அவன் அதே புத்தகத்தைத் திருப்பி, தூக்கமே தேவையில்லை என்று வார்லாக்குக்குக் கொடுத்திருக்கும் ஒரு வரத்தைக் காட்டினான். அடைத்த கை ஒன்று, திறந்த கை ஒன்று, இரண்டும் ஒரே அட்டைக்குள். தூக்கம் வேறு, ஓய்வு வேறு என்று நானும், இரண்டும் ஒன்று என்று அவனும் ஒன்றரை மணி நேரம் வாதாடினோம். பட்டிமன்றத்துக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் நாங்கள், வாய்க்குப் பஞ்சமில்லை. மற்ற மூவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. வாயால் நிறுத்த முடியாததை ஆட்டத்துக்குள் நிறுத்தப் பார்த்தேன். அவன் பலத்துக்கு ஈடு கொடுக்கிற மாதிரி ஒரு பூதத்தை ஏற்றி ஏற்றி அமைத்தேன். அது அவனிடம் போகவில்லை. முன்னால் நிற்பது ஃபைட்டர்தானே? முதல் ரவுண்டிலேயே அவனை 0க்குக் கொண்டுவந்தது. விழுந்து கிடப்பவன்மீது அருகிலிருந்து படுகிற அடி ஒவ்வொன்றும் டெத் சேவில் (பிழைப்பானா என்று பார்க்கும் உருட்டல்) இரண்டு தோல்வி. மூன்று ஆனால் சாவு. பூதத்துக்கு இன்னும் இரண்டு அடி பாக்கி இருந்தது. நான் உருட்டினேன். இரண்டும் பட்டன.

டைல்ஸ் நண்பன் தன் கேரக்டர் ஷீட்டை (பாத்திரக் குறிப்புத்தாள்) நான்காக மடித்தான். "அவனை அடிக்கக் கொண்டாந்தத என் மேல ஏன்டா விட்ட?" என்று மட்டும் கேட்டான். எழுந்து போனான். நாலு மாதம் அந்தப் பட்டாலையில் யாரும் உட்காரவில்லை.

அந்த நாலு மாதத்தில்தான் நிறைய யோசித்தேன். ஓட்டை என்று நாம் சொல்வதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, ஆட்டக்காரர்களிடம் பிரபலமான ஈட்டி வரிசை. 5 அடிக்கு ஒருவராக 2,000 கூலியாட்களை நிறுத்தி, ஆளுக்கொரு ரெடி ஆக்ஷனில் (முன்கூட்டியே தயாராக வைத்த செயல்) ஈட்டியைக் கைமாற்றினால், 6 விநாடியில் 10,000 அடி, சுமார் 3 கிலோமீட்டர் போய்விடும், சத்தத்தைவிட வேகம் என்கிற வாதம். அது நிற்காது. கைமாற்றுவதற்கு மட்டும் ரூலை எடுத்துக்கொண்டு, அடியின் பலத்துக்கு இயற்பியலுக்குத் தாவுகிறார்கள். ரூல்படி பார்த்தால் கடைசி ஆள் எறிவது சாதாரண ஈட்டி, அடி ஒரு டி6 (ஆறு முகப் பகடை). காபிலாக் அப்படியில்லை. அது முழுக்க முழுக்க ரூலுக்கு உள்ளேயே நிற்கிறது. அதனால்தான் அதை மறுக்கும்போது ரூலை மறுக்கிற குற்ற உணர்வு டிஎம்முக்கு வருகிறது, ஆடுகிறவனுக்குத் தன் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று கோபம் வருகிறது.

இன்னொன்றும் புரிந்தது. 2014 டிஎம் புத்தகம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தில் யார் எட்டு மோதல் நடத்துகிறார்கள்? நாங்கள் நடத்தியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்படியானால் மந்திரக்காரர்கள் கையிருப்பை எல்லாம் ஒரே சண்டையில் கொட்டலாம். ஷார்ட் ரெஸ்டை நம்பியிருப்பது ஃபைட்டர். ஆக்ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும் (உயிர்ப்புள்ளி மீட்பு) அதில்தான் திரும்பும். பகலில் அவனுக்கு ஒரு ஷார்ட் ரெஸ்ட் கேட்டால் "நேரமில்லை" என்போம். ராத்திரியில் எட்டு எடுத்தவனை யாரும் கேட்கவில்லை. காபிலாக் வருவதற்கு முன்பே ஃபைட்டர் ஓரமாகத்தான் நின்றிருக்கிறான், நான் கவனிக்கவில்லை.

ஆயா வீடு ஆறு புள்ளிக்கு, ஆறு குடும்பத்துக்குப் பொது. அவரவர் அறை அவரவருக்கு, வளவு எல்லோருக்கும். ஒருவர் தன் வீட்டு நெல்லை வளவு முழுக்கக் காயப்போடக் கூடாது என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை, யாரும் போட்டதுமில்லை. மாப்ளையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எழுதித்தான் வைப்பமே" என்றான்.

2024 டிஎம் புத்தகத்தைச் சென்னை நண்பர் ஒருவரிடம் புரட்டிப் பார்த்தேன். ரூலைச் சுரண்டுகிற ஆட்டக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி. ரூல்கள் இயற்பியல் அல்ல, நல்லெண்ணத்தோடு படிக்க வேண்டியவை என்று சொல்லி, ஈட்டி வரிசையை உதாரணமாகவே காட்டியிருக்கிறார்கள். படித்தபோது சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பத்து வருடம் கழித்து! அதுவும் டிஎம் படிக்கிற புத்தகத்தில். இது போயிருக்க வேண்டிய இடம், ஆடுகிறவன் கையில் இருக்கும் பிளேயர் புத்தகத்தின் முதல் பக்கங்கள். 2014 பதிப்பில் அங்கே இருப்பது, பொது ரூலும் தனி ரூலும் மோதினால் தனி ரூலே வெல்லும் என்கிற வரி. என் மாப்ளை பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். இரண்டு கிளாஸைக் கலப்பதே டிஎம் அனுமதித்தால் மட்டும் உண்டு என்று ஆறாவது அத்தியாயம் சொல்கிறது. அதை நான் சண்டைக்குப் பிறகுதான் கவனித்தேன். முன்பே பார்த்திருந்தால் முதல் நாளே உட்கார்ந்து பேசியிருப்பேன்.

இப்போது ஆட்டம் நடக்கிறது. பைண்டர் சேர்த்த வெள்ளைத்தாளில் மாப்ளை தன் கையாலேயே எழுதியிருக்கிறான்: "நாளுக்கு ஷார்ட் ரெஸ்ட் இரண்டு. உண்டாக்கிய ஸ்லாட் விடிந்தால் இல்லை." அவன் இப்போது ஆடுவது வெறும் சோர்சரர், நன்றாகவே ஆடுகிறான். டைல்ஸ் நண்பன் ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவான். ஆயா வெள்ளைப்பணியாரம் வைத்தால் எட்டுக்குக் குறையாமல் சாப்பிடுவான். நாங்கள் தாம்பாளத்தை எடுத்ததும் திண்ணைக்குப் போய்விடுவான்.

ஆகவே தம்பி, வாங்காதே. ஆறு வருடம் நான் நேசித்த புத்தகம், பழுது பார்த்து வைத்திருக்கிறேன், கடன்கூடக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் வாங்காதே என்றுதான் இன்று சொல்ல வருகிறது. 2024ஐயும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அடிப்படை ரூல்களை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள், பிடிஎஃப் கிடைக்கும். சோர்சரரும் வார்லாக்கும் அந்த ஓட்டையும் அதிலேயே இருக்கின்றன. அதை வைத்து மூன்று மாதம் ஆடு. பள்ளத்தூருக்கு ஒரு ஞாயிறு வா, எங்களுக்கு முன்னால் நிற்க ஒரு ஃபைட்டர் வேண்டும். புது ஷீட் எழுதிக்கொள்ளலாம். நான்காக மடித்த பழையது புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை மட்டும் தர மாட்டேன்.