டிசம்பர் கடற்கரையா, ஜூலை மலையா?

பிரிட்டனிலிருந்து சிட்னிக்குக் குடிவந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட இரண்டு வழி உண்டு. டிசம்பர் 25 அன்றே பாண்டை கடற்கரைக்குப் போகலாம். அப்போது அங்கே நல்ல கோடை, இரவு 8 மணி வரை வெளிச்சம். வான்கோழி வேகவைக்க ஓவன் அடுப்பை மணிக்கணக்கில் எரியவிட்டால் வீடே கொதிக்கும். அதனால் பலர் வீட்டில் குளிரவைத்த இறால், ஹாம், அப்புறம் பழம் குவித்த பாவ்லோவா என்ற முட்டை வெள்ளைக்கரு இனிப்பு.

இன்னொன்று, அங்கே குளிர்காலமான ஜூலையில் சிட்னிக்கு அருகிலுள்ள புளூ மவுண்டன்ஸ் மலையில் கிறிஸ்துமஸ் போலக் கொண்டாடுவது. அங்குள்ள கட்டூம்பா ஊர் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணப்பு, சுடச்சுட வறுத்த கறி, புட்டிங் எல்லாம் விடுதிகளில் கிடைக்கும். பனி விழுவதுதான் அபூர்வம். பொது விடுமுறையும் கிடையாது.

என் தேர்வு டிசம்பர்தான். ஊரிலிருக்கும் அம்மாவும் அதே நாளில் கொண்டாடுகிறார், போனில் வாழ்த்துச் சொல்லலாம். குளிருக்கு ஏங்குகிறவர்கள் ஜூலையில் மலைக்கும் போய்வரட்டும். டிசம்பரை மட்டும் விட்டுவிட வேண்டாம்.