சியாங் மாய்ல மாச வாடகை ரூம்: வாடகைய விடுங்க, மொதல்ல மீட்டர பாருங்க

தாய்லாந்துல சியாங் மாய்னு சொன்னாலே எல்லாரும் நிம்மான் ஏரியாவுக்குத்தான் கை காட்டுவாங்க. காஃபி ஷாப், மால், எல்லாம் இருக்கு சரிதான், ஆனா ஒரு சின்ன ஸ்டுடியோ காண்டோவுக்கு (ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓனர் இருக்குற ஃப்ளாட்) மாசம் 12,000 பாத், 15,000 பாத்னு கேக்குறாங்க, போதாததுக்கு ஏர்போர்ட் வேற பக்கத்துலயே இருக்குறதால ஃப்ளைட் சத்தம் தலைக்கு மேல, மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போது அது போற வரைக்கும் மியூட்ல போட்டுட்டு உக்காந்திருக்கணும். நான் எடுத்தது அங்கிருந்து நடந்தே போயிடலாம்ங்கிற தூரத்துல இருக்குற சந்திதம் ஏரியால ஒரு பழைய அஞ்சு மாடி அபார்ட்மெண்ட். பேர் போடல, குறையும் சொல்லப்போறேன்ல.

வாடகை 5,500 பாத். கட்டில், பீரோ, குட்டி ஃப்ரிட்ஜ், ஏசி, துணி காயப்போட பால்கனி. மெத்தை பலகை மாதிரி இருக்கு, பெட்ஷீட், தலகாணி எல்லாம் நாமதான் வாங்கிக்கணும். பாத்ரூம்ல ஷவருக்கும் கம்மோடுக்கும் நடுவுல தடுப்பே கிடையாது, குளிச்சா மொத்தமும் ஈரம், வெள்ளக்காரங்கதான் இதுக்குப் புலம்புவாங்க, நமக்கு என்ன. கழுவுறதுக்கு பைப் இருக்கு, அது போதும். கீழ காசு போடுற வாஷிங் மெஷின், வாசல்ல குடிதண்ணி மெஷின், ஒரு பாத் காசு போட்டு பாட்டில்ல பிடிச்சுக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம், கரண்ட். இந்த மாதிரி அபார்ட்மெண்ட்ல மொத்த பில்டிங்கும் ஒரே ஓனருக்கு, கனெக்‌ஷனும் அவர் பேர்லதான், ரூமுக்கு ரூம் அவரே சப் மீட்டர் வச்சிருப்பார். அரசாங்க ரேட் யூனிட்டுக்கு நாலு பாத் சொச்சம்னா இவங்க 7, 8 பாத் போடுவாங்க. எங்க பில்டிங்ல 8. ராத்திரி மட்டும் ஏசி போட்டாலே ஆறு யூனிட் கிட்ட ஓடும், அப்ப மாசம் 1,400 பாத்துக்கு மேல ஏசிக்கு மட்டும். பகல்லயும் ரூம்லயே ஏசி போட்டு வேலை பாக்குற ஆளுன்னா அது டபுள். காண்டோல ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், பில் நேரா கரண்ட் ஆபீஸ்ல இருந்தே வரும், அதனால 7,000 பாத்துக்கு ஒரு பழைய காண்டோ கிடைச்சா, நாள் முழுக்க ஏசி போடுறவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒரே செலவுதான் வரும். டிசம்பர், ஜனவரில போறீங்கன்னா கவலையே இல்ல, ராத்திரி போர்வை தேடுவீங்க.

மீட்டர் எல்லாம் காரிடார்ல வரிசையா மாட்டியிருக்கும், மார்க்கர்ல ரூம் நம்பர் எழுதியிருப்பாங்க. சாவி வாங்குன அன்னைக்கே உங்க மீட்டர ஒரு ஃபோட்டோ எடுத்து அபார்ட்மெண்ட் ஆபீஸ் அக்காவுக்கு லைன் ஆப்ல (அங்க வாட்ஸ்அப் மாதிரி) அனுப்பிடுங்க. எனக்கு மொத மாச பில்லுல பழைய ரீடிங்னு போட்டிருந்தது நான் வந்த அன்னைக்கு இருந்தத விட 40 யூனிட் கம்மி, அதாவது முன்னாடி இருந்தவங்க ஓட்டுனதும் என் தலையில. ஃபோட்டோவ காட்டுனதும் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே பேனாவால அடிச்சுட்டு புதுசா எழுதிக் குடுத்துடுச்சு, சண்டை கிண்டை எதுவும் இல்ல.

இன்னொன்னு டிஎம் 30ங்கிற இமிக்ரேஷன் ஃபாரம். வெளிநாட்டுக்காரங்க தங்கினா ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷன்ல பதியணும், அதான் சட்டம். சில இடத்துல இத கண்டுக்கவே மாட்டாங்க, அப்புறம் 1,900 பாத் கட்டி விசா நீட்டிக்கப் போறப்ப அங்க அந்த ரசீத கேப்பாங்க, மாட்டிக்குவோம். பணம் குடுக்குறதுக்கு முன்னாடியே பண்ணித் தருவீங்களானு கேட்டுடுங்க. எங்க ஆபீஸ்ல உடனே பண்ணிக் குடுத்தாங்க, அதுக்கு முழு மார்க்.

சமையல் கிடையாது, கேஸ் அடுப்புக்கு தடா. நான் ரைஸ் குக்கர் வாங்கி அதுலயே ரசம் வரைக்கும் வச்சேன், மிளகு, மல்லி எல்லாம் வாரோரோட் மார்க்கெட்ல கிடைக்கும். அலுத்துப் போச்சுன்னா தானின் மார்க்கெட் பக்கம்தான், காலைலயே பொட்டலம் பொட்டலமா ஸ்டிக்கி ரைஸ், குழம்பு, பொரிச்ச கறி. சைவம்னா மஞ்சக் கொடில செவப்பு எழுத்து போட்ட ஜே கடையா (ஜேன்னா அங்க சுத்த சைவம்) பாத்துப் போங்க, மத்த எடத்துல காய் மட்டும்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க.

ஆறு மாச அக்ரிமெண்ட்டுக்கு 500 பாத் குறைக்கிறேன்னு ஆசை காட்டுவாங்க. அக்டோபர்ல போறீங்கன்னா, உடனே சரின்னு கையெழுத்து போட்றாதீங்க, பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் காட்டுத்தீ, வயக்காட்ட கொளுத்துறதுன்னு ஊரே புகை, தோய் சுதெப் மலையே கண்ணுக்குத் தெரியாது, அந்த ரூம்ல ஏர் ப்யூரிஃபயரும் கிடையாது, கண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மூணு மாசமா கேளுங்க, ரூம் காலியா இருந்தா ஒத்துக்குவாங்க.

கடைசியா டெபாசிட். ரெண்டு மாச வாடகை வாங்குனாங்க, காலி பண்றப்ப ரெண்டு வாரம் கழிச்சு தாய் பேங்க் அக்கவுண்ட்ல போடுறோம்னாங்க, டூரிஸ்ட்டுக்கு ஏது தாய் அக்கவுண்ட்? ரெண்டு நாள் ஆபீஸ் வாசல்லயே நின்னதுக்கு அப்புறம் கிளீனிங்னு 500 பாத் புடிச்சுக்கிட்டு மீதிய கையில குடுத்தாங்க. காலி பண்ற அன்னைக்கே கேஷா தரணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கிடுங்க. மத்தபடி அஞ்சுக்கு மூணரை ஸ்டார், அந்த அரை ஸ்டார் மீட்டர் அக்காவுக்கு.