தவிட்டெண்ணெய்க் கூலன்ட்: ஒரு மாரியும் ஒரு கோடையும் பாவித்த பிறகு

அம்பாறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. கோழிக்கும் மாட்டுக்கும் போனது போக மிச்சத் தவிடு புளித்துக் கிடக்கும். லேத்தில் உலோகம் கடையும்போது வெட்டுமுனையைக் குளிர்வித்து வழுக்கவிடும் திரவமான கூலன்ட்டுக்கு வேண்டியது அந்தப் புளித்த தவிட்டின் எண்ணெய்தான். பச்சையரிசி குத்திய சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள லிபேசு நொதியம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலத்தைக் கூட்டத் தொடங்கிவிடும். சமையலுக்கு ஆகாத அந்த அமிலம், காரம் சேர்ந்ததும் சவர்க்காரமாகி மீதி எண்ணெயைத் தண்ணீரோடு பிணைக்கிறது. புழுங்கலரிசித் தவிட்டில் நொதியம் அவியலிலேயே செத்துவிடும். அந்த எண்ணெயை மட்டும் போட்டால் கலவை பிரிந்துவிடும்.

25 சதவீதம் அமிலமுள்ள எண்ணெய் 1 கிலோவுக்குத் தூய பொட்டாசியம் ஐதரொட்சைட்டு 50 கிராம் போதும். கடைச் சரக்கு 85 சதவீதத் தூய்மை என்றால் 59 கிராம் நிறுக்க வேண்டும். சோடியம் காரம் வேண்டாம், சவர்க்காரம் கட்டிபட்டுப் போகும். காரத்தைத் தண்ணீருக்குள் போட்டே கரைக்க வேண்டும். காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது. இளஞ்சூட்டு எண்ணெயில் மெல்ல விட்டுக் கிளறினால் தேன் போலத் தடிக்கும். அமிலத்தை அளக்காமல் கண்மதிப்பில் காரம் போட்டால்தான் எல்லாம் கெடும்: கூடினால் கைத்தோல் உரியும், குறைந்தால் எண்ணெய் மேலே மிதக்கும்.

கலக்கும்போது 19 பங்கு தண்ணீரில் இப்படித் தடித்த எண்ணெய் 1 பங்கை விடுங்கள், மாற்றி விடாதீர்கள்.

மட்டக்களப்பில் உண்மையான தலைவலி தண்ணீர். வாவியோரக் கிணற்றின் கடினநீரில் கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்ளும்; தொட்டியில் சாம்பல் நிறப் பிசுக்கு ஏடாகப் படிந்து பம்பியின் சல்லடையை அடைக்கும். உப்பு வேறு இரும்பைத் துருவேற்றும். மழைநீரில் கலவை பிரியாது, ஆனால் நுரைக்கும். தொட்டிக்குத் திரும்பும் குழாயின் முனையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் நுரை பாதி அடங்கும். குறைந்ததை நிரப்பும்போதும் மழைநீரே வேண்டும். கிணற்றுநீரில் ஆவி போய் உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே வரும்.

புதுத் தொகுதியை மெசினில் ஊற்றுமுன் ஒரு சோதனை. சாசரில் வடிதாள், அதன்மேல் வார்ப்பிரும்புச் சீவல் ஒரு கரண்டி, கலவையால் நனைத்து இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். சீவலைத் தட்டிவிட்டுப் பாருங்கள்: தாளில் மண்ணிறப் புள்ளி விழுந்தால் கலவை மெலிவு அல்லது தண்ணீர் உப்பு.

வெட்டும் திறனில் குறை சொல்ல இல்லை. துருப்பிடிக்காத உருக்கில் மரை வெட்டும்போது, படகு சாஃப்ட் கடையும்போது, கனிம எண்ணெயை விட வழுக்கல் தெரியும். ஓடாத மெசினில்தான் சிக்கல். நான்கு நாள் பூட்டிவைத்தால் லேத்தின் வழித்தடத்திலும், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் தாடைகளிலும் பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கோடையில் அழுகிய முட்டை நாற்றம் சீக்கிரம் வரும். மேலே மிதக்கும் ஹைட்ரோலிக் எண்ணெய் காற்றை மறைப்பதே அதற்குக் காரணம். தினமும் வழித்தெடுத்தால் தள்ளிப்போகும். நாற்றத்துக்குப் பயந்து நைத்திரைற்று உப்பைப் போடாதீர்கள், அமைன் (பல கூலன்ட்டுகளில் துருவைத் தடுக்கச் சேர்ப்பது) கலந்த தொட்டியில் அது புற்றுநோய்ப் பொருளாக மாறும்.

நாள் முழுக்க மரையும் துளையும் போடும் பட்டறைக்கு இதைப் பாவிக்கலாம். வாரத்தில் ஒருநாள் சுழலும் லேத்துக்கு வேண்டாம்.