எரிமலைக் கல்லா, கரிமணலா, கிரவலா?

"மாமா, எரிமலைக் கல்லில இரும்பு எடுக்கலாமாமே?" என்றான் மருமகன். அதில் இரும்பு இருக்கிறதுதான். ஆனால் வட இலங்கையின் வன்னியில் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? நம் குளக்கட்டுகளில் அடுக்கியிருக்கும் கருங்கல் எரிமலை கக்கியதல்ல. பூமிக்கடியில் வெந்து நசுங்கி உருமாறிய பழம்பாறை அது.

சரி, பசால்ட் என்ற எரிமலைக் கல் ஒரு லொறி வந்து இறங்கியது என்றே வைப்போம். 100 கிலோவில் இரும்பு 8, 9 கிலோ இருக்கும். குறைவு என்பதை விட, அது மாட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் தொல்லை. கல்லில் பாதி சிலிக்கா, அதாவது வெண்மணலில் இருக்கும் அதே பொருள். இரும்பில் பெரும்பங்கு அதோடு பிணைந்தே கிடக்கிறது. கரி போட்டு ஊதினால் 1,200 பாகை செல்சியஸ் அளவில் கல் உருகும், இரும்பு பிரியாது. கறுப்புக் கண்ணாடி போல, உருகிய கழிவான கிட்டம்தான் ஓடும். நல்ல தாதுவிலும் இந்தத் திருட்டு உண்டு: 1 கிலோ சிலிக்கா கிட்டமாகும்போது 1.9 கிலோ வரை இரும்பை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நியூசிலாந்துக்காரரும் எரிமலைக் கல்லை அப்படியே உலையில் போடுவதில்லை. தரனாகி எரிமலைப் பாறை சிதைந்து, அலை அரித்து ஒதுக்கிய கருமணலைத்தான் அள்ளுகிறார்கள். பாதி வேலையைக் கடலே முடித்துவிடுகிறது.

அப்படியென்றால் கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கரிமணல்? அது பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த தாது. தூய இல்மனைட்டில் இரும்பு 37%, டைட்டேனியம் 32%. அந்த டைட்டேனியம் கிட்டத்தைக் கூழாக்கி உலையை அடைத்துவிடும். அது வெள்ளைப் பெயின்ற்றுக்கே போகட்டும்.

என் வாக்கு ஒழுங்கைக்குப் பரவும் கிரவலுக்கு. அதிலுள்ள துருநிற உருண்டைகளில் இரும்பு பெரும்பாலும் ஒட்சிசனோடுதான் கட்டுண்டிருக்கிறது; கரி அதைப் பிடுங்கிவிடும். களிமண் கலந்திருக்கும், ஆகவே பாரமானதாகப் பொறுக்கி, சுட்டு, இடித்து, கழுவவேண்டும். தெற்கே சமனலவெவ மலைச்சரிவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருவக்காற்றைத் துருத்தியாக்கி இரும்பு எடுத்தார்கள். வன்னியோ சமதரை, நாமேதான் ஊதவேண்டும்.

மருமகன் நம்பவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிரவல் உருண்டையில் வைத்தான், ஒட்டவில்லை. சிரட்டைக்கரித் தணலுக்குள் புதைத்துச் சுட்டு, ஆறவிட்டு, அம்மியில் நுணுக்கினோம். காந்தம் கிட்டப் போகும் முன்பே தூள் மயிர்போல எழும்பி ஒட்டியது.

"இரும்பா மாமா?"

"இல்லையடா, இப்பதான் மாக்னடைட், காந்தத்தில ஒட்டுற தாது. துருத்திக்கு ஆள் பிடி."