.22 தோட்டாவா, 9 எம்எம் தோட்டாவா?

இலக்குப் பயிற்சிக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் துப்பாக்கி ஒருமுறைச் செலவு; தோட்டாதான் ஓயாத செலவு.

.22 லாங் ரைபிள் என்பது துப்பாக்கியல்ல, தோட்டாவின் பெயர் (.22 என்பது அங்குலத்தில் குண்டின் தோராய விட்டம்); அது 1887இல் வந்தது. குண்டு சுமார் 2.6 கிராம், சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். 50 கொண்ட பெட்டியாகவும், 500 கொண்ட கட்டாகவும் கிடைக்கும். 9 எம்எம் குண்டு ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், விலையும் அதிகம். அதன் உதைப்புக்குப் பயந்து, சுடும் முன்பே கண்ணை மூடி விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் புதியவர்களுக்கு வந்துவிடும். அதை விடுவது பெரும்பாடு.

சரி, .22இல் குறையே இல்லையா? உண்டு. அதன் தீமூட்டும் மருந்து, தோட்டாவின் உலோகக் கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. அது சீராகப் பரவாவிட்டால் தோட்டா வெடிக்காது. அப்போது துப்பாக்கி முனையை இலக்கை நோக்கியே வைத்து, 30 விநாடி காத்திருந்து தோட்டா அறையைத் திறக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். 9 எம்எம்மில் பிரைமர் (தீமூட்டும் மருந்துள்ள சிறு மூடி) கூட்டின் அடியில் நடுவே தனியாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு; காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பவும் முடியும்.

இன்னொன்று, .22 துப்பாக்கிகள் தோட்டா விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். ஒரு வகை ஒரே இடத்தில் குவியும், இன்னொன்று சிதறும். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பொருந்தியதை அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்குங்கள்.

புதியவர்களுக்கு என் தேர்வு .22தான். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளும் 25 மீட்டர் பிஸ்டலும் அதில்தான் சுடப்படுகின்றன.