மேட்ரிஜெல்: இதய ஹார்மோன் சோதனைக்கு எந்த வகை வாங்கலாம்?

இதயம் சுரக்கும் ஏஎன்பி, பிஎன்பி ஹார்மோன்களின் வேலை உப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பதோடு முடிவதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்லின் ஜிசி-ஏ ஏற்பியில் சேர்ந்து, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிஜிஎம்பி மூலக்கூறின் அளவை உயர்த்தி, புது ரத்தக்குழாய் முளைப்பதிலும் தலையிடுகின்றன. எலியின் எண்டோதீலியத்தில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிவிட்டால், ரத்த ஓட்டம் தடைபட்ட காலில் குழாய்கள் மீண்டும் வளர்வது மந்தமாகிறது. எண்டோதீலியல் செல்களைக் கூழின் மேல் பரப்பி, குழாய் போன்ற வலையாகச் சேர்கின்றனவா என்று தட்டில் வைத்துப் பார்க்கப் பலரும் முதலில் வாங்குவது கார்னிங்கின் மேட்ரிஜெல்.

எலியின் ஈஎச்எஸ் என்ற புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கும், செல்களைத் தாங்கும் அடித்தளச் சவ்வின் கூழ் இது. அதன் புரதத்தில் சுமார் 60% லேமினின், 30% நான்காம் வகைக் கொலாஜன். சாதாரண வகையை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகளே செல்களை முழு வேகத்தில் வலை பின்ன வைத்துவிடும்; ஹார்மோன் எதைக் கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. வளர்ச்சிக் காரணி குறைக்கப்பட்ட வகைதான் சரி. அதிலும் டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப் ஆகிய காரணிகள் முழுதாகப் போய்விடுவதில்லை.

கையாள்வதில் பொறுமை வேண்டும். இரவு முழுக்க 4 டிகிரியில் ஐஸில் வைத்து உருக்குங்கள். 10 டிகிரியைத் தாண்டினாலே கட்டியாகத் தொடங்கும் என்பதால் பிப்பெட்டின் டிப், தட்டு இரண்டும் குளிர்ந்திருக்க வேண்டும். முதல்முறை உருக்கும்போதே சிறு பங்குகளாகப் பிரித்து -20 டிகிரியில் வையுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் ஆகாது. 96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர், பிறகு 37 டிகிரியில் 30 நிமிடம். 10 மில்லி பாட்டில் இப்படி இரண்டு தட்டுக்குத்தான் வரும். இபிடி நிறுவனத்தின் 15 குழி ஸ்லைடில் குழிக்கு 10 மைக்ரோலிட்டர் போதும். விளிம்பில் கூழ் மேலேறி ஃபோகஸ் கெடும் தொல்லையும் இல்லை. எங்கள் தேர்வு அதுதான்.

சோதனை கெடுவது பெரும்பாலும் கூழால் அல்ல, ஹார்மோனால். ஏஎன்பி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்: ஒட்டாத ட்யூப், 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) இல்லாவிட்டால் பிகோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கரைசலில் மிஞ்சுவது வெறும் நீர். நெப்ரிலைசின் நொதி ஏஎன்பியை வெட்டிவிடும். மனித ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சில நிமிடம்தான். பிஎன்பி சுமார் 20 நிமிடம் தாங்கும். ஆகவே நெப்ரிலைசினைத் தடுக்கும் தியார்பன் சேர்த்த குழிகளும், தியார்பன் மட்டும் உள்ள குழிகளும் தனித்தனியாக வேண்டும். டிடிடி என்ற வேதிப்பொருள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஏஎன்பியின் வளையத்தைப் பூட்டியிருக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு உடைந்துவிடும்.

அளவு இன்னொரு பொறி. பிகோமோலார் அளவில் எண்டோதீலியல் வளர்ச்சியைத் தூண்டும் ஏஎன்பி, அதிக அளவில், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் காரணியின் சமிக்ஞையையே அடக்குவதாக ஆய்வுகள் உண்டு. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் அது பத்து பிகோமோலாரை ஒட்டித்தான் இருக்கும். 100 நானோமோலார் (ஒரு லட்சம் பிகோமோலார்) மட்டும் ஊற்றிவிட்டு 'இதய ஹார்மோன் குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது' என்று எழுதினால், அது மருந்தளவின் கதை, உடலின் கதை அல்ல. 1 பிகோமோலார் முதல் 100 நானோமோலார் வரை பத்து மடங்குப் படிகளாக ஏற்றுங்கள்.

செல்கள்: ஆறாவது பாசேஜுக்குள் (தட்டு மாற்றி வளர்த்த முறை) உள்ள ஹூவெக் (மனிதத் தொப்புள்கொடி ரத்தக்குழாயின் எண்டோதீலியல் செல்), இபிடி குழிக்கு 10,000. முழு வளர்ப்பு ஊடகம் வேண்டாம். அதிலேயே விஇஜிஎஃப் இருக்கிறது. அடிப்படை ஊடகமும் 1% சீரமும் போதும். ஒப்பீட்டுக் குழிகளில், வலையைக் கூட்டிக் காட்ட விஇஜிஎஃப், குறைத்துக் காட்ட சுராமின், சிஜிஎம்பி வழியைச் சரிபார்க்க அதைப்போலச் செயல்படும் 8-புரோமோ-சிஜிஎம்பி. இவற்றோடு, அதே செல்களில் ஏஎன்பி சிஜிஎம்பியை உயர்த்துகிறதா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். உயரவில்லையென்றால் ஏற்பி போதிய அளவில் இல்லை, அல்லது பெப்டைடு செத்துவிட்டது. மேலே போவது பண விரயம். 4 முதல் 6 மணி நேரத்தில் கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றிப் படமெடுங்கள். மறுநாள் வரை விட்டால் வலை அறுந்து உருண்டைகளாகிவிடும்.

இந்தக் கூழ் காட்டுவது செல்கள் நகர்ந்து வலையாகச் சேர்வதை மட்டுமே. சில மணி நேரத்தில் செல் பெருக்கம் தெரியாது, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பெரிசைட் செல்லும் இல்லை. இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லைப் போட்டாலும் ஓரளவு வலை வரும்! எனவே முதல் சல்லடையாக வாங்கலாம். முடிவைச் சொல்ல, வெட்டியெடுத்த துண்டிலிருந்து குழாய் முளைப்பதைப் பார்க்கும் எலியின் பெருந்தமனி வளையச் சோதனையும் வேண்டும். லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) புரதச் செறிவு மாறுவதால், ஒரு தொடர் முழுவதற்கும் ஒரே லாட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லி ஆர்டர் கொடுங்கள்.